படைவீரர் குடியிருப்பிலிருந்து சட்டமன்றத்துக்கு

நுழையும்முன்

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த லைன் வீடுகள் பலவற்றில், தாத்தா பாட்டியின் படத்தோடு கண்ணாடி அணிந்து கோட்டு உடுத்திய ஒருவரின் படமும் மாட்டப்பட்டிருக்கும். அவர் அண்ணல் அம்பேத்கர். அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர் என்ற முறையில் அவரை நாடே அறியும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஒரு மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். பல மசோதாக்களைக் கொண்டுவந்தார். அவற்றுள் சிலவற்றில் தோற்கவும் செய்தார். படைவீரர் குடும்பத்தில் பிறந்து, வழக்கறிஞராகி, மாகாண அரசியலில் அவர் ஆற்றிய பணியை இப்பாடம் விளக்குகிறது.

தங்கவயலின் உழைப்பாளர்

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார்ப் பகுதியில் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. மைசூர், சாம்பியன் ரீஃப்ஸ், உரிகம், நந்திதுர்க்கம் என்னும் பெயர்களில் சுரங்கங்கள் வளர்ந்தன. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது.

அந்த ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் மிகுதியானோர் தீண்டாமைக் கொடுமையால் சொந்த ஊரில் நிலமும் நீரும் மறுக்கப்பட்டவர்கள். சுரங்கம் அவர்களுக்குக் கூலி தந்தது. ஆயினும், தங்கள் வாழ்வை ஆளும் சட்டங்களை இயற்றும் இடத்தில் அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை. 1930-இல் தொழிலாளர்களின் கைவிரல் ரேகையைப் பதிவு செய்யும் முறை புகுத்தப்பட்டது. குற்றவாளிகளைப் போல் தங்களை நடத்துவதாகக் கருதிய தொழிலாளர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர்.

மைசூர் அரசில் மக்கள் பிரதிநிதித்துவ சபை 1881-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆனால், சொத்தும் வரியும் கல்வியும் உடையவர்களுக்கே அக்காலச் சபைகளில் இடம் கிடைத்தது. கூலி பெற்று வாழ்பவரின் குரல் சபைக்குள் எவ்வாறு செல்லும்? இதே கேள்வி பம்பாய் மாகாணத்திலும் இருந்தது. அதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் அம்பேத்கர்.

படைவீரர் வீட்டுப் பிள்ளை

பீமராவ் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவில் உள்ள மாவ் என்னும் படைக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ஆங்கிலேயர் படையில் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். தாயார் பீமாபாயின் குடும்பமும் படைப்பணி செய்த குடும்பமே. மகர் சமூகத்தைச் சேர்ந்தவர்களுக்குக் கிராமத்தில் பள்ளிக்கூடம் எட்டாத காலம் அது. படையிலோ வீரர்களும் அவர்களின் பிள்ளைகளும் எழுத்தறிவு பெற்றனர். சீருடையும் ஓய்வூதியமும் கிடைத்தன. சாதியால் மறுக்கப்பட்ட மதிப்பில் ஒரு பகுதியைப் படைப்பணி தந்தது.

அந்த வாயிலும் விரைவில் அடைபட்டது. 1890-களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாகப் போரிட்டவர்கள் ஓர் ஆணையால் வெளியேற்றப்பட்டனர். ஆள்பவர் விருப்பத்தால் கிடைத்த உரிமை, அவர் விருப்பம் மாறியபோது பறிபோயிற்று. இந்த இழப்பின் நிழலில்தான் அம்பேத்கர் வளர்ந்தார்.

1901-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். படையிலிருந்து ஓய்வுபெற்ற தந்தை கோரேகானில் காசாளராக வேலை பார்த்தார். கோடை விடுமுறையில் அவரைக் காண, அண்ணன் முதலிய சிறுவர்களுடன் பீமராவ் சாத்தாராவிலிருந்து புறப்பட்டார். புத்தாடை அணிந்து தொடர்வண்டியிலிருந்து இறங்கிய சிறுவர்களை நிலைய அதிகாரி முதலில் பரிவுடன் விசாரித்தார். அவர்களின் சாதியை அறிந்ததும் விலகி நின்றார். மாட்டுவண்டிக்காரர் எவரும் அவர்களை ஏற்றிச்செல்ல முன்வரவில்லை. இரட்டைக் கூலி தந்த பின்னரே ஒருவர் இசைந்தார். அவரும் வண்டி ஓட்ட மறுத்து நடந்து வந்தார். சிறுவர்களே மாடுகளை ஓட்ட நேர்ந்தது. கையில் உணவு இருந்தது. குடிக்க நீர் கொடுப்பார் இல்லை. இரவு முழுவதும் தாகத்தோடும் பசியோடும் கழிந்தது.

பட்டமும் பதவியும்

பரோடா மன்னர் வழங்கிய உதவித்தொகையால் அம்பேத்கர் 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பொருளியல் பயின்று, பின்னர் இலண்டனிலும் கல்வியைத் தொடர்ந்தார். உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடா அரசில் பணியாற்ற 1917-இல் திரும்பினார். அவருக்கு மன்னரின் படைச் செயலாளர் பதவி தரப்பட்டது.

பதவி உயர்ந்தது, நடத்தை மாறவில்லை. அலுவலக ஏவலர்கள் கோப்புகளை அவர் கையில் தராமல் மேசைமேல் எறிந்தனர். நகரில் அவருக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. வெளிநாட்டுப் பட்டமும் அரசுப் பதவியும் ஒருவருக்கு இருக்க ஓர் அறையைக்கூடப் பெற்றுத் தரவில்லை. தனிமனிதனின் உயர்வு மட்டும் போதாது, சமூகத்தின் விதிகளே மாற வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி அவருக்கு உணர்த்தியது.

மீண்டும் இலண்டன் சென்று சட்டமும் பொருளியலும் பயின்று முடித்தார். 1923-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். சாதியின் காரணமாக வசதி படைத்தோர் அவரிடம் வழக்குகளைக் கொண்டுவரத் தயங்கினர். வருவாய்க்காக ஒரு பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். பின்னாளில், 1935-இல், பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார்.

சட்டமன்றத்தில் ஒரு புதிய குரல்

1927-இல் அம்பேத்கர் பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராகப் பொறுப்பேற்றார். நியமன உறுப்பினர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் அரசால் அமர்த்தப்படுபவர். அரசு தந்த இருக்கையில் இருந்துகொண்டே அரசை வினவுவதில் அவர் தயக்கம் காட்டவில்லை.

1928-இல், ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பேறுகாலத்தில் விடுப்பும் உதவித்தொகையும் வழங்கும் மசோதா விவாதத்துக்கு வந்தது. அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். பேறுகால ஓய்வு தாய்க்கு மட்டுமன்றி நாட்டுக்கே நன்மை தருவது என்பது அவருடைய வாதம். 1929-இல் அது சட்டமாயிற்று. இவ்வகையில் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் சட்டம் அதுவே.

அதே 1928-இல் அவரே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது 'மகர் வதன்' முறை பற்றியது. சிறு துண்டு நிலத்துக்கும் கொஞ்சம் தானியத்துக்கும் ஈடாக, மகர் குடும்பங்கள் பரம்பரையாகக் கிராம ஊழியம் செய்ய வேண்டும் என்பது அம்முறை. இரவோ பகலோ, அழைத்தபோது செல்ல வேண்டும். தந்தை இல்லாவிட்டால் வீட்டிலுள்ள வேறொருவர் செல்ல வேண்டும். பிறப்பே வேலையை முடிவு செய்தது. அந்தக் கட்டினை அவிழ்க்க அம்பேத்கர் முயன்றார். சபையில் போதிய ஆதரவு கிட்டாததால் மசோதாவைத் திரும்பப் பெற நேர்ந்தது. எனினும் அவர் அதனைக் கைவிடவில்லை. பிற்காலத்திலும் அந்தக் கோரிக்கையை எழுப்பிக்கொண்டே இருந்தார். அவர் மறைந்த பின்னர், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகப் பம்பாய் மாநிலத்தில் இத்தகைய ஊழிய முறைகள் ஒழிக்கப்பட்டன.

ஏட்டில் இருந்த உரிமை

சட்டம் இயற்றுவது ஒன்று. அது நடைமுறைக்கு வருவது மற்றொன்று. இதனை மகாத் என்னும் சிற்றூரில் நடந்த நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

1923-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் சீதாராம் கேசவ் போலே என்பவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசுப் பணத்தில் அமைந்த குளம், கிணறு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்றது அத்தீர்மானம். சபை அதனை நிறைவேற்றியது. சென்னைச் சட்டமன்றத்திலும் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, பொதுக் கிணறு பற்றி இதையொத்த தீர்மானத்தை முன்மொழிந்தார். மகாத் நகராட்சி தன் சவதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டதாக 1924-இல் அறிவித்தது. எனினும், அக்குளத்தில் இறங்க ஒடுக்கப்பட்டோர் எவருக்கும் துணிவு வரவில்லை. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்து நீர் பழையபடி எட்டாமலே இருந்தது.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சவதார் குளத்துக்கு அணிவகுத்துச் சென்று நீர் அருந்தினர். அவர்களுள் கொங்கணப் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற படைவீரர்களும் இருந்தனர். பின்னர் எதிர்ப்பாளர்கள் அம்மக்களைத் தாக்கினர். போர்க்களம் கண்ட அந்த வீரர்கள் திருப்பித் தாக்கும் ஆற்றல் உடையவர்கள். அம்பேத்கரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர்கள் அமைதி காத்தனர். படையில் கற்ற ஒழுங்கு அன்று அறப்போராட்டத்துக்குப் பயன்பட்டது.

எதிர்ப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். சவதார் குளம் தங்களுக்கு மட்டுமே உரியது, அதுவே நெடுநாள் வழக்கம் என்று கூறித் தற்காலிகத் தடையாணை பெற்றனர். 1927 டிசம்பரில் மக்கள் மீண்டும் மகாத்தில் திரண்டபோது அத்தடையாணை நடப்பில் இருந்தது. வழக்கறிஞரான அம்பேத்கர், மக்களைக் குளத்தில் இறக்காமல் நீதிமன்றத்தில் போராடும் வழியைத் தேர்ந்தார். அவ்வழி நீண்டது. பத்தாண்டுகள் கழித்து, 1937-இல், பம்பாய் உயர்நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. பிறரை விலக்கும் உரிமை தொன்றுதொட்ட வழக்கம் என்பதை எதிர்ப்பாளர்கள் நிறுவவில்லை என்று அது கூறியது. சவதார் குளம் அனைவருக்கும் பொது என்பது சட்டப்படி உறுதியாயிற்று.

சட்டமன்றத் தீர்மானம், மக்களின் நடைப்பயணம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கி நின்றதாலேயே அந்த உரிமை நிலைபெற்றது. இவற்றுள் எது ஒன்றும் தனித்து அதனைப் பெற்றுத் தந்திருக்க இயலாது.

தேர்தல் களம்

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குக் கூடுதல் ஆட்சியுரிமை தந்தது. தேர்தலை எதிர்கொள்ள அம்பேத்கர் 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். கட்சியின் பெயரில் சாதி இல்லை, உழைப்பு இருந்தது. உழவரும் ஆலைத் தொழிலாளரும் ஒடுக்கப்பட்டோரும் ஓரணியில் நிற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1937 தேர்தலில் அக்கட்சி 17 இடங்களில் போட்டியிட்டு 14 இடங்களை வென்றது. அம்பேத்கரும் வெற்றி பெற்றார். நியமன உறுப்பினராக முன்னர் அமர்ந்த சட்டமன்றத்தில், மக்கள் வாக்கினால் இப்போது அமர்ந்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில் கொங்கணத்தின் 'கோத்தி' முறையை ஒழிக்கும் மசோதாவை முன்வைத்தார். கோத்திகள் அரசுக்கும் உழவருக்கும் இடையே நின்று வரி தண்டியவர்கள். தாம் விரும்பியவாறு உழவரிடம் பெற்றவர்கள். 1938 ஜனவரி 10 அன்று ஏறத்தாழ 20,000 உழவர்கள் பம்பாயில் சட்டமன்றத்தை நோக்கிப் பேரணியாகச் சென்று மசோதாவுக்கு ஆதரவு தெரிவித்தனர். சபையில் 175 இடங்கள் இருந்தன. 14 பேர் ஆதரவு போதவில்லை. மசோதா நிறைவேறாமல் போயிற்று. ஆயினும் விடுதலைக்குப் பின், 1949-இல், கோத்தி முறை பம்பாயில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1938-இல் தொழில் தகராறு மசோதா வந்தது. அது தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. சபைக்குள் அம்பேத்கர் அதனை எதிர்த்து வாதிட்டார். சபைக்கு வெளியே நவம்பர் 7 அன்று நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் பொதுவுடைமையாளர்களோடு இணைந்து நின்றார். மசோதா நிறைவேறியது. ஆனால், தொழிலாளரின் மறுப்பு சபைக் குறிப்பிலும் நகரத் தெருவிலும் பதிவாகியது.

மாகாணத்திலிருந்து நாட்டுக்கு

1941-இல் அம்பேத்கர் அரசப் பிரதிநிதியின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றார். மகர்களைப் படையில் மீண்டும் சேர்க்க வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையை வலியுறுத்தினார். அவ்வாண்டு அக்டோபரில், இன்று கர்நாடகத்தில் உள்ள பெலகாவியில் மகர் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. தந்தையின் தலைமுறைக்கு அடைபட்ட வாயில் அதனால் திறந்தது.

1942 முதல் 1946 வரை அவர் அரசப் பிரதிநிதியின் செயற்குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பு வகித்தார். 1943 டிசம்பரில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டார். 1944-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி ஏற்படுத்தப்பட்டது. ஆலைகளில் வார வேலை நேரத்தை 48 மணியாகக் குறைக்கும் சட்டம் 1946-இல் வந்தது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் பெற்ற பட்டறிவு இப்பணிகள் அனைத்துக்கும் துணைநின்றது.

மீண்டும் தங்கவயல்

அம்பேத்கரின் கருத்துகள் தங்கவயலுக்குப் புதிய விதைகளாக வரவில்லை. அங்கு நிலம் முன்பே உழப்பட்டிருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் வழிவந்த பௌத்த சங்கங்கள் சாம்பியன் ரீஃப்ஸ், மாரிக்குப்பம் பகுதிகளில் கல்வியையும் சமத்துவத்தையும் பரப்பின. பண்டிதர் நடத்திய 'தமிழன்' இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளர் இதழ் படித்தனர், கூட்டம் நடத்தினர், சங்கம் அமைத்தனர்.

விடுதலைக்குப் பின், 21 வயது நிறைந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. கைரேகை வைக்க மறுத்துப் போராடிய தலைமுறை, 1952 தேர்தலில் வாக்குச்சீட்டைக் கையில் பெற்றது. அம்பேத்கரின் கொள்கைவழியில் 1957-இல் உருவான இந்தியக் குடியரசுக் கட்சிக்குச் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் என். சிவராஜ் தலைவரானார். அக்கட்சியின் சார்பில் தங்கவயலிலிருந்து சி. எம். ஆறுமுகம், எஸ். ராஜேந்திரன் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1930-இல் சபைக்குள் குரல் இல்லாதிருந்த ஊரிலிருந்து, பிற்காலத்தில் சபைக்கு ஆள் சென்றது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று தங்கவயலைச் சேர்ந்தோர் பலர் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். வீட்டுமனை, குடிநீர், வேலை பற்றிய அவர்களின் கோரிக்கைகள் இன்றும் மனுவாகவும் வழக்காகவும் சட்டமன்றக் கேள்வியாகவும் எழுதப்பட வேண்டியவையாகவே உள்ளன. அவற்றை எழுதக் கற்றவர்கள் அவ்வீடுகளில் வளர்ந்து வருகிறார்கள்.

சொற்பொருள்

மசோதா – சபையின் ஒப்புதலுக்கு வைக்கப்படும் சட்ட முன்வரைவு
தீர்மானம் – சபை கூடி எடுக்கும் முடிவு
தடையாணை – ஒரு செயலைச் செய்யாதிருக்க நீதிமன்றம் இடும் கட்டளை
வரி தண்டுதல் – வரி வாங்குதல்
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
தொன்றுதொட்டு – மிகப் பழங்காலம் முதல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. படைப்பணி மகர் குடும்பங்களுக்குத் தந்த நன்மைகள் யாவை?
2. நியமன உறுப்பினர், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் – வேறுபாடு யாது?
3. தங்கவயல் தொழிலாளர்கள் 1930-இல் எதனை எதிர்த்தனர்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. 1923-ஆம் ஆண்டுத் தீர்மானம் இருந்தும் மகாத் மக்கள் 1927 வரை சவதார் குளத்தில் நீர் அருந்த இயலாமைக்குக் காரணம் யாது?
2. சபையில் தோற்ற மசோதாவாலும் பயன் உண்டா? பாடத்திலிருந்து இரு சான்றுகள் தந்து விளக்குக.

இ. சிந்தித்து எழுதுக.
1927 டிசம்பரில் அம்பேத்கர் தடையாணைக்குக் கட்டுப்பட்டது சரியான முடிவா? இருபக்கக் கருத்துகளையும் எழுதி, முடிவில் உன் கருத்தைக் கூறுக.

ஈ. செயல்பாடு
வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், குடும்பம் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில், என்ன வேலைக்காக வந்தது என்று கேட்டறிக. அவர் சொன்னவற்றைப் பத்துத் தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.